டிக்கியில் ஏறிய பெட்டி

என் தம்பி என் மகனின் மூக்கை உடைத்ததற்குக் காரணம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. பெட்டியைத் தூக்கி அடிக்கவில்லை, அது இரண்டு பேர் தூக்கவேண்டிய கனம். அடித்தது தலையால்.

வலியசாலையில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் சுவர் ஒன்றுதான். காரும் ஒன்றுதான். ஆர்.சி. என் பேரில். வாரநாட்களில் பகலெல்லாம் அது கழக்கூட்டத்தில் என் மகனின் ஆபீஸில் கிடக்கும். செவ்வாய், வியாழன், சனி காலைகளில் மட்டும் முதல் உரிமை தம்பி மனைவிக்கு. சர்க்கரை அவளுடைய சிறுநீரகங்களையும் இடது காலையும் கொண்டுபோயிருந்தது. ஏழு மணிக்கு டயாலிசிஸ். தம்பி அவளைப் பின் ஸீட்டில் சாய்த்து உட்கார்த்தி, சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் வைத்து ஓட்டிக்கொண்டு போவான். தாமதமானால் படுக்கையைக் காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை அப்படிக் கொடுத்தார்கள். மறுநாள் நெஞ்சில் நீர் ஏறி, கட்டிலில் உட்கார்ந்தபடியே அவள் முங்கிப்போகப் பார்த்தாள். அதிலிருந்து அந்த ஏழு மணியை இரண்டு வீடும் மறந்ததில்லை.

நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை குமாஸ்தாவாக, ஓய்வு பெற்றவன். எதை எப்படிச் செய்யவேண்டும் என்று கேட்டால் மட்டும் சொல்வேன் என்று வைத்திருக்கிறேன். கேட்காமலும் சொல்வதாக வீட்டில் ஒரு குற்றச்சாட்டு உண்டு.

"கம்பெனி ஸ்பீக்கர் தகர டப்பாவைத் தட்டற மாதிரி இருக்குப்பா. அந்த டிராபிக்ல ரெண்டு மணி நேரம் இதைக் கேட்டுண்டு ஒக்கார முடியாது" என்றான் மகன். நான் முறைப்படி ஆராய்ந்தேன். வண்டியில் செய்யும் மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா, இன்ஷூரன்ஸ் என்ன சொல்லும், பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரில் ஃப்யூஸ் எந்த இடத்தில் இருக்கவேண்டும், எல்லாம் பார்த்துச் சரி என்றேன். கதவுகளில் நான்கு ஸ்பீக்கர், ஸீட்டுக்கடியில் ஆம்ப்ளிஃபயர். கடைசியில், "டிக்கில ஒரு சப்வூஃபர் பெட்டி" என்றான். வாரண்டி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றான். டிக்கியில் வேறு என்ன போகிறது என்று நான் கேட்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பெட்டியை வைத்துத் தரையோடு திருகிக் கொண்டுவந்து நிறுத்தினான். செவ்வாய்க்கிழமை காலை தம்பி டிக்கியைத் திறந்தான்.

"இது எந்தாடா?"

மகன் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தான். "சப்வூஃபர், சித்தப்பா."

"எடுடா."

"ஸ்க்ரூ பண்ணியிருக்கு. கடைக்காரன்தான் எடுக்கணும். சேரை முன் ஸீட்ல வெச்சுக்கோங்கோ."

"முன் ஸீட்ல வெச்சா கியரை எங்கே போடறது, உன் தலையிலயா?"

"ஆஸ்பத்திரில சேர் இருக்குமில்லே."

"உங்கப்பனுக்கு வெச்சிருக்கானாக்கும்."

சாக்கடை மூடியை நெம்புகிற கடப்பாரை எங்கள் சுவரோரம் எப்போதும் சாய்ந்திருக்கும். தம்பி அதை எடுத்துப் பெட்டியின் நடுவில் இறக்கினான். அது பாடியிருந்தால்கூட அவ்வளவு சத்தம் வந்திருக்காது. மகன் பிரஷ்ஷைத் துப்பிவிட்டுப் பின்னாலிருந்து அவன் கழுத்தைப் பிடித்தான். தம்பி தலையைப் பின்பக்கம் வீசினான். மூக்கெலும்பு முறிந்த சத்தம் எனக்கு வாசற்படியில் கேட்டது. மகன் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் டிக்கி மூடியை அறைந்து சாத்தினான். தம்பியின் வலது கை விரல்கள் உள்ளே இருந்தன. அவன் வேண்டுமென்றே சாத்தினானா என்பதில் இன்றுவரை இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன.

நான் நடுவில் போனேன். யாருடைய முழங்கையோ என் கண்ணுக்குக் கீழே இறங்கியது. கண்ணாடி உடைந்தது. என் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் அடி இன்னும் ஒன்று கூடியிருக்கும், எனக்குத்தான்.

எதிர்வீட்டுக்காரர் பிடித்து நிறுத்திய ஆட்டோ தெருமுனை திரும்பி வந்தது. கோலத்தின்மேல் சொட்டியிருந்த ரத்தத்தையும், கடப்பாரையோடு நின்ற தம்பியையும் பார்த்ததும் டிரைவர் வந்த வழியே பின்னாலேயே ஓட்டிப் போய்விட்டான். எதிர்வீட்டம்மாள் ரத்தத்தைக் கழுவ வாளியோடு இறங்கினாள்.

அப்போதுதான் நான் என் வேலையை ஆரம்பித்தேன். டிக்கியில் தொங்கிய சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் எதையும் தொடக்கூடாது, வாளி உள்ளே போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். சம்பவ இடத்தில் எது எங்கே கிடந்தது என்று போலீஸ் வந்து எழுதுவதற்கு மகஸர் என்று பெயர். யாரோ ஒரு நல்ல மனிதர் முன்கூட்டியே தரையைக் கழுவிவிட்டதால் நாறிப்போன வழக்குகளை வேலைக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். என் வீட்டு வாசலில் அப்படி நடக்க விடுவேனா?

தம்பி மனைவி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, மணி என்ன?"

"ஆறே முக்கால்."

"சாவியைத் தாங்கோ."

"ஜீப் வரட்டும். காரை நகர்த்தினா மகஸர் செல்லாது. கேஸே போயிடும்."

"யார் மேல கேஸ்?"

"ரெண்டு பேர் மேலயும். அவன் மேல ஒண்ணு, இவன் மேல கவுண்டர் கேஸ்."

"சரி" என்றாள். இரண்டு சக்கரங்களையும் பிடித்துப் பின்னால் கொஞ்சம் இழுத்தாள். வழிவிட்டு ஒதுங்குகிறாள் என்று நினைத்தேன். அடுத்த நொடி நாற்காலியின் இரும்புக் கால்மிதி என் முழங்கால் எலும்பில் வந்து மோதியது. விழுந்தேன். அவள் பின்வாங்கி இன்னொரு தரம் மோதினாள். இரண்டாவது மோதல் அவசியமில்லை என்பது என் தாழ்மையான அபிப்ராயம். பையிலிருந்து சாவி தெறித்து விழுந்தது.

"எடுடா" என்றாள் என் மகனைப் பார்த்து.

தம்பி இடது கையால் கடப்பாரையைப் பெட்டிக்கு அடியில் செலுத்தித் தோளால் நெம்பினான். திருகுகள் பிய்ந்தன. வயர்கள் குடல்போல் இழுபட்டு அறுந்தன. பெட்டி தெருவில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. நாற்காலி டிக்கிக்குள் போயிற்று. மகன் சட்டை முழுக்க ரத்தத்தோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். தம்பி முன்னால், அவள் பின்னால். அவள் காலருகில் கிடைத்த இடத்தில் நானும் ஒண்டிக்கொண்டேன். நடக்க முடியாதவனை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

சாவியைத் திருப்பியதும் கதவு ஸ்பீக்கர்கள் நான்கும் முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து அலறின. தெளிவு அபாரம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தம்பி நல்ல கையால் ஸ்டீரியோவில் ஒரு குத்து விட்டான். பாட்டு நின்றது. அந்தக் கையும் போயிற்று.

"இன்னும் அஞ்சு மினிட் கழிஞ்ஞா வேற ஆளைக் கிடத்தியிருப்பேன்" என்றாள் டயாலிசிஸ் நர்ஸ். எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கேஷுவாலிட்டி கீழே" என்றாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் தம்பி மனைவியின் கையில் ஊசி ஏறியது. குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதைப் பார்த்த பிறகுதான் தம்பி கீழே வந்தான்.

இளம் டாக்டர் பேனாவை எடுத்தார். "எந்து பற்றி?" என்ன ஆயிற்று என்று கேட்கிறார்.

"பாத்ரூம்ல வழுக்கினேன்" என்றான் மகன்.

"நானும்" என்றான் தம்பி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அங்கிளும் அதே பாத்ரூமா?"

அடிதடிக் காயம் என்று தெரிந்தால் டாக்டர் போலீசுக்குத் தகவல் அனுப்பவேண்டும். போலீஸ் முதலில் மாடிக்குப் போய் அவளிடம் வாக்குமூலம் வாங்கும். அவளே மூன்றாம் பிரதி, குற்றம் சாட்டப்பட்டவள். என் மகன் அன்று ஸ்டேஷனில் உட்காருவான், அடுத்த நாள் கோர்ட்டில் நிற்பான். வியாழக்கிழமை ஏழு மணிக்கு அவள் இங்கே வந்தாகவேண்டும். தம்பியின் இரண்டு கையும் வீங்கிப் பன்னாக இருந்தன. என் காலை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்க உருப்படியான கை மூக்குடைந்தவனிடம்தான் இருந்தது.

"அதே பாத்ரூம்தான்" என்றேன். "ரொம்ப மோசமான டைல்."

டாக்டர் எழுதிக்கொண்டார், நம்பவில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஸ்டேஷனிலிருந்து போன். "ஸாரே, இவிடெ ரத்தம் உண்டு, ஒடிஞ்ஞ ஒரு பெட்டி உண்டு. ஆளுகள் எவிடெ?"

"பராதி இல்லை" என்றேன். புகார் கொடுத்தவனே புகார் இல்லை என்றால் அந்தக் கட்டத்தில் அவர்கள் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. அதுவும் எனக்குத் தெரிந்த நடைமுறைதான்.

தம்பி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வியாழக்கிழமை ஆறரைக்கு."

"ம்" என்றான் மகன்.

"டிக்கி காலியா இருக்கணும்."

"மூக்கை ஒடைச்சுட்டு ஆர்டர் வேற."

"பல்லு பாக்கி இருக்கில்லே."

மகன் எழுந்தான். அடிக்கப் போகிறானோ என்று நானும் ஒற்றைக் காலில் எழுந்தேன். அவன் காரைக் கதவு திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருந்தான், அதைப் பூட்டப் போனான்.