பன்னிரண்டு மணிக்கு எடுத்த துடைப்பம்

தொண்ணூறுகளின் நடுவில், மெட்ராஸுக்கு வடமேற்கே எங்கள் நாகலாபுரம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். என் கணவரும் கொத்து வேலைக்குக் குவைத் கிளம்பினார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

முதல் நாள் சாயங்காலமே ஏஜெண்ட் வேனில் மெட்ராஸ் போய்விட்டார். போகும் முன் டிக்கெட்டைப் பார்த்துக் காலண்டரில் எழுதிக்கொண்டேன். புறப்பாடு காலை ஒன்பதரை, சேர்வது பன்னிரண்டு. ஆக இரண்டரை மணி நேரம். எங்கள் ஊரிலிருந்து மெட்ராஸுக்கு பஸ்ஸிலேயே அவ்வளவு நேரம் ஆகும்.

"அத்தே, குவைத்து ஒண்ணும் அவ்ளோ தூரமில்ல. மெட்ராஸ் போற நேரந்தான்" என்று மாமியாருக்குத் தைரியம் சொன்னதே நான்தான். பத்தாவது படித்த திமிர்!

ஒருவர் பயணம் கிளம்பினால் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கூட்டினால் போனவருக்கு ஆகாதாம். அதனால் முந்தின நாள் குப்பை அப்படியே கிடந்தது. பன்னிரண்டு அடித்ததும், இறங்கியிருப்பார் என்று துடைப்பத்தை எடுத்தேன். வீடு, வாசல் எல்லாம் கூட்டிக் கழுவியும் விட்டேன். மாமியார் அப்போது கழனியில் இருந்தார்.

இறங்கியதும் தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்வதாகக் கணவர் சொல்லியிருந்தார். அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். மணி ஒன்றாகி, இரண்டும் ஆனது. போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். வேறு யாருக்காவது இருக்கும். மணி மூன்றும் தாண்டியது. விமானம் கடலில் விழுந்துவிட்டதோ? நான் கூட்டியதால்தானோ?

கழனியிலிருந்து மாமியார் நேராக பூத்துக்கே வந்துவிட்டார். "போன் வந்துச்சாம்மா?"

என்னால் மறைக்க முடியவில்லை. "அவரு எறங்கிட்டாருன்னு நெனச்சிகினு வூட்டைக் கூட்டிட்டேன் அத்தே" என்று அழுதுவிட்டேன்.

அவர் முகம் வெளிறிப்போனது. வீட்டைப் பார்த்து நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து, சுத்தமாகக் கிடந்த வாசலை மறுபடியும் கூட்டினார்.

"இப்ப நானும் கூட்டிட்டேன். இன்னா வந்தாலும் பழி ரெண்டு பேருக்கும்தான். நீ ஒருத்தியே மனசுல வெச்சிகினு அழாத."

நாலு மணிக்கு பூத்துக்காரர் வாசலில் வந்து கூப்பிட்டார். செருப்புகூடப் போடாமல் ஓடினோம்.

"எல்லாம் முடிச்சி இப்பதான் வெளிய வந்தேன். இங்க மணி ஒண்ணரைதான்" என்றார் கணவர். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுமாம். டிக்கெட்டில் இருந்த பன்னிரண்டு அந்த ஊர்ப் பன்னிரண்டு. பயணம் முழுசாக ஐந்து மணி நேரம். நான் துடைப்பத்தைத் தொட்டபோது அவர் சரியாகப் பாதி வழியில், கடலுக்கு மேலே இருந்திருக்கிறார். மாமியார் ரிசீவரை வாங்கி மகனிடம், "நைனா, துன்னியாடா?" என்று மட்டும் கேட்டார்.

மாமியார் இப்போது இல்லை. என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஊருக்கு வந்து திரும்பும்போது அவன் ஏறும் விமானம் எங்கே பறக்கிறது, இன்னும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று செல்போனே காட்டுகிறது. ஆனாலும் அவன் குரலைக் கேட்கும்வரை துடைப்பத்தைத் தொட எனக்குத் துணிவு வருவதில்லை. பெற்ற பிள்ளை போய்ச் சேர்ந்தானா என்று தெரியாதபோதே எனக்காக அதைக் கையில் எடுத்தவரை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.