தடவக் கூடாத கை

நாங்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ் ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று ஊரே கத்திக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு மூத்திரம் நின்றுபோயிற்று. சரித்திரத்தோடு என் உடம்பு ஒருநாளும் ஒத்துழைத்ததில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். டாக்டர் இடது முழங்கை மடிப்பில் கீறி, நரம்பைத் தேடிப்பிடித்து, மெல்லிய ரப்பர்க் குழாயை உள்ளே செருகி நூலால் கட்டினார். கெட்டியான குளுக்கோஸ் தண்ணீர் மூன்று நாள் இறங்கியது. மூத்திரம் வந்தது, குழாயை எடுத்தார்கள். ஆனால் அந்த நரம்பு அக்குள்வரை கயிறுபோல விறைத்து, கை சேனைக்கிழங்காய் வீங்கிவிட்டது.

"உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது. யாரும் தடவக் கூடாது. கட்டி பெயர்ந்து நெஞ்சுக்குப் போனால் உயிர் தங்காது" என்றார் டாக்டர்.

எங்கள் பக்கத்தில் வீங்கின உடம்பைத் தடவாமல் விடுவது, வந்தவருக்கு வெற்றிலை நீட்டாததற்குச் சமம். அடுத்த கட்டிலில் கிடந்த தன் தம்பிக்குத் துணையாகக் கூட்டிருந்த கருங்கல் ஊர்க்காரப் பெரியவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"சாரே, ஒமக்குக் கூட்டிருக்க ஆருமே வரல்லியா?"

"புஸ்தகம் நாலு இருக்கே."

"அது எண்ணெ தேய்ச்சு விடுமா?"

முறிவெண்ணெய்க் குப்பியோடு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். மனைவி போய் ஏழு வருஷம். அதன்பிறகு என்னைத் தொட்டவர் நாவிதர் ஒருவர்தான், அதுவும் மாதம் ஒருமுறை. எண்ணெய் இளஞ்சூடாக இருந்தது. பெரியவரின் கட்டைவிரல் மணிக்கட்டிலிருந்து மெல்ல மேலேறியது. எதை நோக்கி ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் நாற்பது பேரை அதட்டுகிற வாய், திறக்கவில்லை.

முழங்கையை எட்டுமுன் நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"வே பெரியவரே, ஆளைக் கொல்லவா பாக்கீரு? தொடப்பிடாதுன்னு டாக்டர் இவருகிட்ட சொல்லியிருக்காருல்லா!"

பெரியவர் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சுமா சாரே சும்மா இருந்தீரு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

அதற்குப்பின் அவர் என் கட்டில் பக்கம் வரவில்லை. ஆனால் மணிக்கொருதரம் தம்பியின் கட்டிலிலிருந்தே கேட்டார்: "நெஞ்சு வலிக்கா சாரே?"

வலிக்கவேயில்லை. அப்படிச் சொன்னால் கேட்பதை நிறுத்திவிடுவாரே என்று, "இப்போதைக்கு இல்லை" என்று இழுத்துவைத்தேன். மூன்றாம் நாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு அவர் ஊருக்குப் போனார்.

வீக்கம் தானாகவே வடிந்தது. யாரும் கேட்கவில்லை.