எந்த ஜன்னல் உங்களுது?

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமான சில மாதங்களிலேயே என் வீட்டுக்காரர் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டார். பெரம்பலூரில் நானும் மாமியாரும் மட்டும். லீவில் வந்த செட்டிகுளத்து ஆள் ஒருவரிடம் எனக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். சேலை, சென்ட் என்று ஆசையாகப் பிரித்தால், சுருட்டிய கித்தானில் சிலுவை வைத்த ஒரு வேதக்கோயிலும் அதன் தெருவும் வரைந்த படம்! எரிச்சலாகத்தான் வந்தது.

சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் கொடுத்துச் சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, வேதத்துல சேந்துட்டியா?" என்றாள். "ஆமாக்கா, ஞாயித்துக்கெழம நீயும் வா" என்றேன்.

வம்புக்குத்தான் சொன்னேன். ஆனால் படம் மெல்ல என்னைப் பிடித்துக்கொண்டது. எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தது. கிட்டே போனால் வெறும் அப்பல். தள்ளி நின்றால் மழையில் நனைந்த தெரு. ஈரத்தில் மஞ்சள் கோபுரம் தலைகீழாகக் கிடக்கும். சித்திரை வெயிலில் அதைப் பார்த்தாலே உள்ளங்கால் குளிரும். எதிரே பழைய மாடி வீடுகள். தான் இருக்கிற தெருவைத்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, பச்சைக் கதவு போட்ட ஒரு ஜன்னலை அவருடையது என்று முடிவு செய்துகொண்டேன். கடுதாசியில் கேட்கக் கூச்சம். நான் எழுதுவதை அத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ஒட்டவே விடுவார். எழுந்தாரா, டீ குடித்தாரா என்று தினமும் அந்த ஜன்னலிடம்தான் விசாரிப்பேன். பைத்தியம்தான். அவ்வளவு ஏக்கம்.

இரண்டு வருஷம் கழித்து வந்தார். வந்த அன்றே படத்தின் முன்னால் நிறுத்தி, "இதுல எந்த ஜன்னல் உங்களுது?" என்றேன்.

அவர் விழித்தார். "இது எந்த ஊருன்னே எனக்குத் தெரியாதே புள்ள. ரோட்டோரக் கடையில வாங்குனேன். நாங்க இருக்குறது தகரக் கொட்டாயில."

எனக்கு அழுகை முட்டியது. இத்தனை நாளும் யார் வீட்டு ஜன்னலிடம் பேசிக்கொண்டிருந்தேன்! "அப்பறம் எதுக்குங்க இத வாங்குனீங்க?"

கோயில் வாசலில், தூண் நிழல் என்று நான் நினைத்திருந்த இரண்டு கறுப்புத் தீற்றல்களைக் காட்டினார். உற்றுப் பார்த்தேன். ஒரு ஆணும் பெண்ணும், ஒரே குடையில்.

"நம்ம ரெண்டு பேரு மாதிரி இருந்துச்சு. அதான்."

அடுத்த மாதம் அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து படத்தின் முன் நின்றேன். ஜன்னல் பக்கம் பார்வையே போகவில்லை. ஒட்டி நடக்கிற அந்த இரண்டு பேரையும் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.