பார்க்கக் கூடாத முகம்

அந்த மார்கழியில் என் மனைவிக்கு எட்டாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்ததால், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அம்மா வீட்டில் எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தோம். அந்த நேரம் பார்த்துத்தான், ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் துணிக் கம்பெனி, சாம்பிள் பெட்டியோடு என்னை எகிப்துக்குப் போகச் சொன்னது. தொண்ணூறுகளில் வெளிநாடு என்றால் எவன் வேண்டாம் என்பான்? நானும் சொல்லவில்லை. அதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வேன்.

கிளம்பும்போது அத்தை வாசலை மறித்து நின்றார்.

"மாப்ள, புள்ளத்தாச்சி புருசன் பொணத்தக் கண்ணால பாக்கப்படாது. சத்தியம் பண்ணிட்டுப் போங்க."

"எகிப்துல எனக்கு எவனத் தெரியும் அத்தை, துட்டி கேக்கப் போக?" என்று சிரித்தேன். கோர்ட் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரான மாமாவும் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"பண்ணிக் குடுங்க" என்றாள். சத்தியம் செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

எகிப்தில் துணி வாங்க ஒப்புக்கொண்ட வியாபாரி நல்ல மனுஷன். கடைசி நாள், பழைய ராஜாக்களின் கல்லறைகளைக் காட்டாமல் அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். உள்ளே உடல் இருக்குமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டு தடவை கேட்டேன். எல்லாவற்றையும் எப்போதோ மியூசியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இப்போது வெறும் சுவர்தான் என்றார். காலிக் குழிக்கு என்ன தீட்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனேன்.

படி இறங்கி, சரிவான பாதையில் உள்ளே போனோம். வெளியே வெயில், உள்ளே அதைவிடப் புழுக்கம். ஒரு சின்ன அறை. மஞ்சள் சுவரில் வரிசை வரிசையாகக் குரங்குகள். மரத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். கல்தொட்டி, மேலே கண்ணாடி, அதற்கடியில் தங்கத்தில் ஒரு முகம், இரண்டு கண்ணும் திறந்தபடி. எவ்வளவு அழகு என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் கைடு சொன்னான்: மற்ற ராஜாக்களையெல்லாம் எடுத்தாயிற்று, இவர் மட்டும் இன்னும் இந்தப் பெட்டிக்குள்ளேதான் படுத்திருக்கிறார்.

அடப்பாவி! கண்ணை இறுக மூடினேன். இனி மூடி என்ன பிரயோசனம்? பார்த்தாயிற்று. திரும்பி ஓடப் பார்த்தால், ஒடுங்கலான அந்தப் பாதையில் எதிரே ஒரு கூட்டமே இறங்கி வருகிறது. "வழி விடுங்கய்யா!" என்று தமிழிலேயே கத்தினேன். என்ன புரிந்ததோ, ஒதுங்கிக்கொண்டார்கள்.

துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனால் தலை முழுகாமல் வீட்டுக்குள் நுழைவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. காரை ஆற்றங்கரையில் நிறுத்தச் சொல்லி, பேண்ட் சட்டையோடு நைல் நதியில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டேன். நான் சாகப் போகிறேன் என்று நினைத்து வியாபாரி பின்னாலேயே இறங்கி என் காலரைப் பிடித்து இழுத்தார்.

ஈரம் சொட்டச் சொட்ட ஹோட்டலுக்கு வந்து ஊருக்கு ஃபோன் போட்டேன். எப்போதும் மாமாதான் எடுத்து, கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற குரலில் "யாரு?" என்பார். அன்று அத்தை எடுத்தார்.

"மாமா எங்க?"

"வெளிய போயிருக்காவ."

குரலே சரியில்லை. மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். "எப்ப வாரீங்க?" என்று கேட்டாள். அப்புறம் ஒரே அழுகை. லைன் கட்டாகிவிட்டது. மறுபடி எத்தனை தடவை போட்டும் கிடைக்கவில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது பிள்ளையும் போயிற்று, நான்தான் கொன்றேன். விமானத்திலும் மதுரை பஸ்ஸிலும் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தத் தங்க முகம்தான் வந்து நின்றது.

வீட்டு வாசலில் அவள் நின்றிருந்தாள், நிறை வயிற்றோடு. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது நிமிர்ந்தபோதுதான் அவளுக்குப் பின்னால், உள்சுவரில், மாலை போட்ட மாமாவின் படத்தைப் பார்த்தேன்.

நான் ஃபோன் செய்த அன்று காலையில்தான் நெஞ்சு வலியில் போயிருக்கிறார்; நான் பேசுவதற்குள் எடுத்தும் முடித்திருக்கிறார்கள். தூர தேசத்தில் இருக்கிறவனை ஏன் பதற வைப்பது என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

"என்னையப் பாக்க விடலீங்க" என்றாள். "புள்ளத்தாச்சி பாக்கப்படாதுன்னு பக்கத்து வீட்டுல வச்சுக் கதவச் சாத்திட்டாவ. சங்குச் சத்தந்தான் கேட்டுச்சு." பிறகு என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "நீங்க அங்க எதையும் பாக்கலையே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எம்புட்டு நேரம் பாத்தீங்க?" என்று மட்டும் மனைவி கேட்டாள்.

"செத்த நேரம்தான்."

உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு பிரசவம் வரை அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. வயிற்றில் பிள்ளை கொஞ்சம் அசையாமல் இருந்தால் அத்தை என்னைத்தான் பார்ப்பார்.

தை கடைசியில் மகள் பிறந்தாள். கை கால் சுகம், ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியையே கூட்டுகிற மாதிரி அழுதாள். அத்தை சந்தோஷத்தில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். என் மனைவி குழந்தையின் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இவிய பாத்தும் ஒண்ணும் ஆகலைல்லம்மா?" என்று என்னைக் காட்டி அத்தையிடம் கேட்டாள். "அப்ப எங்கப்பா முகத்த நானும் பாத்திருக்கலாம்ல?"