மத்தியானத்துப் பந்தயம்

பிள்ளையை முதன்முறையாக நீச்சல் போட்டிக்கு அழைத்துப் போகிறவர்கள் யாரும் என்னிடம் வந்து யோசனை கேட்பதில்லை. கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது. துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் நனைந்துவிடும். வெயில் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து உட்காருங்கள். பந்தயத்துக்கு முன்னால் பிள்ளையின் வாயில் இட்லியைத் திணிக்காதீர்கள். அது தண்ணீருக்குள் இருக்கும்போது நீங்கள் கத்துவது அதன் காதில் விழப்போவதில்லை, தொண்டையாவது மிஞ்சட்டும். கடைசியாக இன்னொன்று உண்டு. அதைச் சொல்வதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். அப்பா உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். அம்மா பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். அக்காவுக்குப் பதின்மூன்று வயது, நான் அவளுக்கு நான்கு வயது இளையவள். எங்கள் வீட்டில் பொய் சொல்வதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருந்தது. அது பெருமை. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து நான் பரிசு வாங்கிய கையோடு, அப்பா என்னை ஆலயத்தின் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே நடத்திவிடுவார். யாராவது என் கன்னத்தைக் கிள்ளி, கெட்டிக்காரி என்று சொல்லிவிடக் கூடாதாம்.

"வந்த வேலை முடிஞ்சுதுன்னா கெளம்பிடணும்மா. நின்னா பாராட்டுக்கு நிக்கற மாதிரி ஆயிடும்" என்பார். மற்ற பிள்ளைகள் உள்ளே கேக் தின்றுகொண்டிருப்பார்கள். நான் வீடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பேன்.

அக்காவோடு படித்த பெண் ஒருத்திக்குச் செம்பாக்கம் ஏரிக்குக் கீழே நிலம் இருந்தது. அவர்கள் கிணற்றில்தான் அக்கா முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தக் கற்றாள். மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பியதும் கிணறு அவளுக்குப் போதவில்லை. மதகுப் படியிலிருந்து எதிர்க்கரைப் பனைமரம் வரைக்கும் போய்த் திரும்புவாள். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, பாசியை விலக்கிப் பழகிய கையை அகலமாக வீசி நீந்துவாள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அவளைப் பிடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. வீட்டில் வாயே திறக்காதவள் ஏரியில் மட்டும் சத்தம் போட்டுச் சிரிப்பாள். கரையில் உட்கார்ந்து அவள் துணிக்குக் காவல் இருந்த எனக்குத்தான் அது தெரியும்.

அவள் பெரியவள் ஆனதும் அம்மா தடை போட்டுவிட்டாள்.

"வயசுக்கு வந்த பொண்ணு ஏரியில மிதக்கறதை நாலு பேர் பாக்கணுமா? போதும்."

அக்கா சாப்பிடாமல் ஒற்றைக் காலில் நின்றாள். பள்ளியின் விளையாட்டு மிஸ் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். பட்டணத்தில் கடற்கரைப் பக்கம் நீச்சல் குளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டி வருகிறது, ஒரு தடவை அனுப்புங்கள் என்றார். கடைசியில் அம்மா இறங்கி வந்து ஒரு பேச்சுப் பேசினாள். போட்டியில் அக்கா முதலாவதாக வந்தால், பள்ளிப் படிப்பு முடியும் வரைக்கும் நீந்தலாம். வராவிட்டால் அதோடு சரி. அப்பா நடுவில் உட்கார்ந்து அதற்குத் தலையாட்டினார். சொன்ன சொல்லில் எங்கள் வீட்டில் யாரும் பின்வாங்க மாட்டார்கள். அக்காவுக்கு அது தெரியும். ஆகையால் அவளுக்கு அது போட்டியே இல்லை, தண்ணீரில் இருப்பதா வேண்டாமா என்ற கேள்வி.

அம்மாவே கறுப்புத் துணி எடுத்து முழங்கால் வரைக்கும் மறைக்கிற மாதிரி நீச்சல் உடை தைத்துக் கொடுத்தாள். போட்டி நடந்த சனிக்கிழமையன்றே பள்ளிக்கு எறிபந்து ஆட்டம் வந்துவிட்டது. விளையாட்டு மிஸ் அந்தப் பெண்களோடு போகவேண்டியதாயிற்று. "அங்க போய்ப் பேர் சொன்னா போதும் சார், கூப்பிடுவாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மற்றதையெல்லாம் ஒரு வாத்தியாருக்குச் சொல்லித் தரவேண்டுமா என்று நினைத்திருப்பார்.

காலை மின்சார ரயிலில் நால்வரும் போனோம். குளத்தைப் பார்த்ததும் அக்காவின் முகம் செத்துவிட்டது. அடித்தரை தெரிகிற தண்ணீரை அவள் அதுவரை பார்த்ததில்லை. எங்கே நிற்பது, எங்கே உடை மாற்றுவது என்று தெரியாமல் நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் டிபன் கேரியரும் குடையுமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கூப்பிட்டார். ராயபுரத்துக்காரர். அவர் மகளும் அக்கா வயசுதான், அவளும் நீந்த வந்திருந்தாள்.

"இன்னாம்மா, மொத தபா வர்றீங்களா? மூஞ்சியப் பாத்தாலே தெரீது. இப்டி வந்து குந்துங்க, அங்க வெயில் வந்துடும். பொண்ண என் பொண்ணுகூட அனுப்புங்க, துணி மாத்தற எடம் அவுளுக்குத் தெரியும்."

அம்மாவுக்கு அவருடைய பேச்சும் சிரிப்பும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள்.

முதல் ஹீட், இரண்டாம் ஹீட் என்று ஒலிபெருக்கி சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. அப்பா அதற்கு விளக்கமும் கொடுத்தார். பிள்ளைகள் அதிகம், இடம் போதாது, ஆகவே வகுப்பில் ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் பிரிப்பதுபோலப் பிரித்திருக்கிறார்கள் என்றார். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஒரு முதல் ரேங்க். இருபது வருஷமாக ரேங்க் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அதற்குமேல் சந்தேகம் வரவில்லை. அம்மாவும் டீச்சர்தானே, அவளுக்கும் வரவில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் ஒரே ஓட்டம்தான், முதலில் வந்தவள் முதல். பரிசை வேறொரு நாளில் பள்ளியில் கொடுப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த போட்டி அவ்வளவுதான்.

விசில் ஊதியபோது மற்றவர்கள் குதித்துவிட்டார்கள். அக்கா ஒரு கணம் அடித்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாய்ந்தாள். தலையைத் தூக்கிக்கொண்டு, கையை அகல வீசி, தடம் பிரிக்கிற கயிற்றில் இரண்டு தடவை இடித்துக்கொண்டு, உயிரைக் கொடுத்து நீந்தினாள். யாரோ அவள் நீந்துகிற விதத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பாதி தூரத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. அக்கா முதலாவதாகச் சுவரைத் தொட்டாள். அவளுக்கு அடுத்து வந்தது ராயபுரத்துப் பெண். அக்கா குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இளைத்தாள். அந்தப் பெண்ணுக்கு மூச்சே வாங்கவில்லை. அதைப் பார்த்தும் எங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நாலைந்து பேர் எழுந்து எங்களைப் பார்த்துக் கை தட்டினார்கள். அவ்வளவுதான், அப்பா எழுந்துவிட்டார்.

"துணி மாத்திட்டு வா கண்ணு, கெளம்பலாம்."

ராயபுரத்து அம்மாள் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். "இன்னா சார், அதுக்குள்ள கெளம்பிட்டீங்க? சாப்ட்டுட்டு, மத்தியானம் இருந்துட்டுப் போறதுதானே?" என்றார்.

"எங்க வேலை முடிஞ்சுதும்மா" என்று அப்பா கும்பிடு போட்டார். பணிவில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாங்கள் வாசலுக்கு வந்துவிட்டோம்.

ரயிலில் அக்கா ஈரத் தலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சைதாப்பேட்டை தாண்டியதும் அம்மா தானாகவே, "சரி, பள்ளிக்கூடம் முடியற வரைக்கும்" என்றாள். அக்கா சிரித்தாள். ஏரியில் சிரிக்கிற அதே சிரிப்பு. ரயிலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அப்பாகூட அவளை அடக்கவில்லை. மறுநாள் ஆலயத்தில் அவர் யாரிடமும் வாய் திறக்காமல் நீண்ட நேரம் முழங்காலில் இருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் விளையாட்டு மிஸ் வந்தார். உட்காரவில்லை.

"ஏன் சார் பாதியிலேயே கூட்டிட்டு வந்துட்டீங்க? மத்தியானம் ஃபைனல்ல இவ பேரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்களாம் சார். பக்கத்துல உக்காந்திருந்த ராயபுரத்து அம்மா ரோடு வரைக்கும் ஓடி வந்து தேடினாங்களாம். இவ எடத்தைக் காலியா விட்டுட்டுதான் ஃபைனல் நடந்துதாம்."

காலையில் நடந்தது பொறுக்கி எடுப்பதற்கான பந்தயம் மட்டும்தான் என்று பிறகு மிஸ் விளக்கினார். ஒவ்வொரு ஹீட்டிலும் முன்னால் வந்தவர்களைச் சேர்த்து மத்தியானம் வைப்பதுதான் உண்மையான பந்தயம். அதில் முதலாவதாக வந்தது அந்த ராயபுரத்துப் பெண். காலையில் தன் பலத்தை மிச்சம் வைத்துக்கொண்டு நீந்தியவள்.

"செக்‌ஷன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. வகுப்பில் விடை தெரியாமல் எழுந்து நிற்கிற மாணவன்போல நின்றார்.

அக்கா அவரையே பார்த்தாள். அவள் எதற்காகப் பார்த்தாள் என்பது எனக்கே புரிந்தது. தப்பு என்னுடையது, பிள்ளை ஜெயித்துத்தான் வந்தாள், பேசின பேச்சு நிற்கட்டும் என்று அவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அப்பா சொல்லவில்லை. மேஜைமேல் கிடந்த விடைத்தாள்களை அடுக்கினார், அடுக்கினதையே கலைத்து மறுபடி அடுக்கினார்.

அம்மாதான் பேசினாள். "முதலா வந்தாத்தானேன்னு பேச்சு. வரலை. கர்த்தருக்குச் சித்தமில்லை."

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா..." என்று மிஸ் தொடங்கினார்.

"அடுத்த வருஷப் பேச்சே வேணாம் மிஸ்."

அக்கா அழுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அழவில்லை. எழுந்து போய்க் கொடியிலிருந்த கறுப்பு உடையை எடுத்து மடித்து அம்மாவின் தையல் மெஷின்மேல் வைத்தாள். அம்மா பிறகு அதைப் பிரித்து என் பள்ளிப் பைக்கு உள்துணியாகத் தைத்தாள். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாமேல்கூட அவ்வளவு இல்லை. அவள் தன் பேச்சில் நின்றாள். வாயை மூடிக்கொண்டிருந்த அப்பாவின்மேல்தான் ஆத்திரம். மத்தியானம் இருந்திருந்தாலும் அக்கா ஜெயித்திருப்பாளோ என்னவோ, அது வேறு விஷயம். காலையிலேயே உயிரைக் கொடுத்து நீந்திவிட்டாள். தோற்றுத்தான் போயிருப்பாள் என்று தெரிந்திருந்தாலாவது அவளுக்கு மனசு ஆறியிருக்கும். எங்களுக்கு அதுவும் தெரியாமல் போயிற்று.

அதற்குப் பிறகு அப்பா மாறிவிட்டார். எந்த விழாவுக்குப் போனாலும் கடைசி நாற்காலியை மடக்குகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். என் பாட்டுப் போட்டியில், ஆண்டு விழாவில், யார் யாரோ வந்து என்னைப் பாராட்டியதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவிடம் அவர் அதைப்பற்றிப் பேசவே இல்லை. அக்காவும் ஏரிப் பக்கம் போகவில்லை. மாடம்பாக்கத்துக்குப் பஸ்ஸில் போகும்போது, தண்ணீர் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்காருவாள்.

எழுபதுகளின் கடைசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். அதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் ஆகி ஒரு குழந்தையும் இருந்தது. தாம்பரத்திலேயே கல்லறைத் தோட்டத்தில் காலையில் அடக்கம். போதகர் ஜெபித்து முடித்தார், எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். வெயில் ஏறியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அம்மாவையும் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். அக்கா குழியின் ஓரத்திலேயே நின்றாள்.

"அக்கா, போலாம். எல்லாரும் போயாச்சு" என்றேன்.

"இருடி" என்றாள்.

குழி நிரம்புகிற வரைக்கும் நின்றாள். மண்ணை மேடாக்கித் தட்டி, மாலைகளை அதன்மேல் வைத்துவிட்டு, குழி வெட்டிய ஆள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"முடிஞ்சுதாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"முடிஞ்சிச்சும்மா."

"மத்தியானம் ஒண்ணும் இல்லையே?"

அவன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, "இல்லமா, அவ்ளோதான்" என்றான்.

அப்போதுதான் அக்கா அழுதாள்.