ஹிமாயா மிஸ் நேராகக் கேட்பார்

விரிவுரை முடிந்ததும் ஹிமாயா மிஸ் வாசலில் போய் நின்றுகொள்கிறார். வெளியேறும் ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறார். "என்ன புள்ள, கண் வீங்கிக் கிடக்கு, நித்திரை இல்லயா?" "மகன், உன்ட கூட்டாளி எங்க? ஆளக் காணல்லயே." மாணவர்கள் இதற்கு 'சுங்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். "ஓம், கஸ்டம்ஸ்தான். பையைத் திறக்கத் தேவல்ல, வாயைத் திறந்தாக் காணும்" என்பார்.

கல்முனையிலிருந்து ஸ்கூட்டியில் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார். கற்பிப்பது புள்ளிவிபரவியல். மாணவர் ஆலோசகர் பொறுப்பு இங்கே விரிவுரையாளர்களிடம் மாறி மாறி வரும். பலருக்கு அது விளையாட்டுப் போட்டிக்கு அனுமதி கொடுப்பதோடு முடிந்துவிடும். இவரோ கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போய், ஒரு கேள்வியை நாக்குக் கூசாமல் கேட்கப் பழகிக்கொண்டு வந்தார்.

றிபாஸிடம் அதைக் கேட்டார். பொத்துவில் பையன். வாப்பா அறுகம்பேயில் வெள்ளைக்காரர்களுக்கு ஆட்டோ ஓட்டுகிறார். பரீட்சையில் தவறியதை வீட்டுக்குச் சொல்லப் பயந்து, வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டான். வரவு போதாது, அடுத்த பரீட்சை எழுத முடியாது என்று அலுவலகம் அறிவித்தது. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஹிமாயா மிஸ் பாண்டிருப்பில் அவன் தங்கியிருந்த வீட்டுக்கே போய், வீட்டுக்காரம்மா பூமணியையும் கூட்டிக்கொண்டு கதவைத் தட்டினார்.

"மகன், செத்துப் போகணும் எண்ட நினைப்பு வருதா?"

பூமணி திடுக்கிட்டுப் போனாராம். றிபாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஓம் மிஸ்."

"சொன்னது நல்லம். இனி நீ தனிய இல்ல. நான் போகமாட்டன்."

அவரே ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். பதறியடித்து வந்த வாப்பா, "என்ட புள்ளைக்குப் பைத்தியமா மிஸ்?" என்று அழுதார். "இல்ல காக்கா," அண்ணனிடம் பேசுவதுபோல் சொன்னார் மிஸ். "சுகமில்லாம இரிக்கான். மருந்தும் வேணும், பக்கத்தில ஆக்களும் வேணும்."

அடுத்து வந்த பீட விரிவுரையாளர்கள் கூட்டத்தில் ஹிமாயா மிஸ் எழுந்து, வகுப்புக்கு வராத பிள்ளைகளை நாம் போய்ப் பார்க்கவேண்டும் என்றார். "நாம படிப்பிக்க வந்த ஆக்கள், மிஸ், வைத்தியம் பாக்க இல்ல" என்றார் மூத்தவர் ஒருவர்.

"வைத்தியம் பாக்கச் சொல்லல்ல சேர். ஒரு புள்ளையைக் காணல்ல எண்டாத் தேடச் சொல்றன். வரவு இல்ல எண்டு எழுதத் தெரிஞ்ச நமக்கு, ஏன் வரல்ல எண்டு கேக்கத் தெரியல்லயா?"

கூட்டம் உடனே மசியவில்லை. ஆனால் அவர் விடவில்லை. இப்போது பரீட்சைத் தடைக்கு முன் மாணவரை ஒருவர் நேரில் சந்தித்தே ஆகவேண்டும். முழுநேர உளவள ஆலோசகராக யசோதினி வந்திருக்கிறார். றிபாஸ் ஒரு வருடம் பிந்திப் படிக்கிறான். "எழுதுங்க, என்ட பெயரையும் போடுங்க" என்று இதை எழுதும் என்னிடம் சொன்னது அவன்தான்.

போன வாரம் ஆலோசனை அறையில் ஹிமாயா மிஸ்ஸைச் சந்தித்தேன்; யசோதினியும் தன் மேசையில் இருந்தார். இடையிடையே மாணவர்கள் வந்துபோனார்கள். புறப்படும்போது, "எல்லாரையும் நீங்க கேக்கிறீங்க. உங்கள ஆர் கேக்கிற?" என்றேன்.

"எனக்கென்ன, நல்லாத்தானே இரிக்கன்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

யசோதினி எழுந்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "சொல்லுங்க மிஸ்."

ஹிமாயா மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.