உரச இடமில்லாத தீப்பெட்டி

கத்தி தீட்ட உப்புத்தாள் கேட்டேன். கடைக்காரர் முரட்டுத்தாள் ஒன்றும் நைசுத்தாள் ஒன்றும் எடுத்துப் போட்டார். நைசுத்தாளைத் தொட்டதும் விரல் நின்றுவிட்டது. தீப்பெட்டியில் குச்சி உரசும் பக்கம் இப்படித்தான் இருக்கும்.

நான் சிறுமியாக இருந்தபோது திண்டுக்கல்லில் அம்மா ஒரு சுருட்டுக் கம்பெனியில், சுருட்டின் மேல் சுற்றும் மேலிலை வெட்டினாள். கத்தி மழுங்கி இலை கிழிகிறதென்று ஒருநாள் வைது அனுப்பிவிட்டார்கள். விடிவதற்குள் கத்தி சரியாக வேண்டும். வீட்டில் முரட்டு உப்புத்தாள்தான் கிடந்தது. அதில் தேய்க்கத் தேய்க்கக் கத்தியின் வாய் ரம்பம் போலானது. நைசுத்தாள் வாங்கலாமென்றால் ஊரில் கடையடைப்பு.

அம்மா தீப்பெட்டியை எடுத்து, அதன் இரண்டு பக்கமும் வெளுக்கும்வரை கத்தியைத் தீட்டினாள்.

"அடுப்புப் பத்த வைக்கணுமேம்மா?"

"செத்த நேரம் சும்மா இருடி."

கத்தி மின்னியது. பெட்டி நிறையக் குச்சி இருந்தது, உரசத்தான் இடமில்லை. முரட்டுத்தாளில் உரசினேன், மருந்து உதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"வெளக்கு வச்ச பெறகு நெருப்புக் குடுக்கக் கூடாது தாயி. காலைல வா" என்றாள் அந்த அத்தை. தெரு முழுக்க அதே பதில்.

ஊறவைத்த அரிசி அப்படியே இருந்தது. இருட்டில் தம்பி பசித்து அழுதான்.

"அழாதய்யா, நாளைக்கு வேலைக்குப் போயிருவேன்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

காலையில் கம்பெனியில் அம்மா இலை வெட்டும் பலகையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். கத்தியை யாரும் பார்க்கவே இல்லை.

"எதும்மா வேணும்?" என்றார் கடைக்காரர்.

நைசுத்தாளைக் காட்டினேன். கூடவே ஒரு தீப்பெட்டியும் கேட்டேன். வீட்டில் அடுப்புக்கு லைட்டர் இருக்கிறது.